உசுருக்கு ஒண்ணுமில்லையே?

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பூனைக்கு என்ன வந்தாலும் இப்போது என் வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, ஜாக்கெட் தைக்கிறவள். கால் உடைந்த ஒரு பூனையைப் பிழைக்க வைத்துவிட்டேன் என்பதால் வந்த பெருமை இது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால், நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்கவில்லையென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். என்னைப் போல அடுத்தவன் பேச்சை நம்பிச் சத்தியம் செய்துவிட்டு வராதீர்கள்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரிக்கு வண்டியில் டிரைவர். போர்வெல் போடும் அந்த வண்டியோடு மத்தியப் பிரதேசப் பக்கம் போனால், மழைக்காலம் வந்து வேலை நின்ற பிறகுதான் ஊர் திரும்புவார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் தையல் மெஷினும் நானும்தான். அப்படி இருந்தபோது தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு குட்டிப் பூனை கத்திக்கொண்டு கிடந்தது. அதன் வாய்க்குப் பயந்து மைனா என்று பெயர் வைத்தேன். சாம்பல் நிறம், வெள்ளைக் கால்கள். பாவாடைத் துணி வெட்டினால் துணி மேலேயே வந்து படுப்பாள். எத்தனை திட்டினாலும் சொரணை கிடையாது.

என் தம்பி செல்வராசு முட்டை வண்டி வைத்திருக்கிறான். பண்ணைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளா போய் வருவான். சின்ன வண்டியைக் கொடுத்துவிட்டு ஆறு சக்கர லாரி வாங்கி அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவன் வீடு இருக்கும் சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் என் வாசலில் நிறுத்துவான். நானாகத்தான் நிறுத்தச் சொன்னேன். அடுத்த தெருக்காரன் இடத்தில் என் தம்பி வண்டியை நிறுத்துவதா என்று எனக்கு ரோஷம்.

அன்றைக்கு விடிந்தும் விடியாமல் கதவைத் தட்டினான். திறந்தால் முட்டை அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். அட்டை மேல் மைனா. பின்னங்கால் ஒன்று தன்னுடையது இல்லாதது போலத் தொங்குகிறது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அவ்வளவு கத்துகிறவள் கத்தாமல் கிடந்தாள்.

"அக்கா, மொட்டை மாடியிலிருந்து உளுந்துருச்சுக்கா. என்ற கண்ணால பார்த்தேன். நான் வண்டியெடுக்க வாரேன், இது பொத்துன்னு உளுகுது" என்றான்.

"வண்டிய எடுடா, டவுனுக்குப் போலாம்" என்றேன்.

"வண்டி வேண்டாங்க்கா. ஆட்டோ சொல்லிட்டேன். லோடை வேற வண்டிக்கு மாத்தியுட்டுட்டேன். நானும் வாரேன்."

ஒரு பூனைக்காக லோடை விடுகிறானே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. ஆட்டோவில் போகும்போது அந்த அட்டையை அவன் மடியிலேயே வைத்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பார்த்துப் போப்பா" என்று ஆட்டோக்காரரிடம் கெஞ்சினான்.

நாங்கள் போனது டவுனில் ஒரு தனியார் கால்நடை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், பாதிக் கூட்டம் கோழிப் பண்ணைக்காரர்கள்தான். செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு, எதனால் செத்தது என்று அறுத்துப் பார்க்கச் சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு நான். ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பூனைக்கா இத்தனை தூரம் வந்தீங்க?" என்றார். "ஆமாங்க, உங்க கோழி செத்துப்போச்சு, என்ற பூனை இன்னும் சாகலீங்க" என்றேன். அவர் கோழிப் பையைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

டாக்டர் சின்னப் பெண். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நான் மாடியிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். செல்வராசு தலையை மட்டும் ஆட்டினான். தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். தொடை எலும்பு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு இன்னொன்றின் பக்கத்தில் போய் நின்றது.

"எலும்புக்கு நடுவுல குழாய் மாதிரி இருக்கும்மா. அதுக்குள்ள ஒரு கம்பியை விட்டு ரெண்டு துண்டையும் நேரா நிறுத்தணும். எலும்பு கூடினதும் கம்பியை உருவிடலாம். சின்ன பூனைதானே, சீக்கிரம் கூடிடும்" என்றார்.

"இனி நடக்குமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று அவன் கேட்டான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். டாக்டர் அவனுக்குத்தான் முதலில் பதில் சொன்னார். மயக்க மருந்து கொடுப்பதால் இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார். அவன் முகம் வெளுத்துவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து மைனாவை வெளியே கொண்டு வந்தபோது, பாதி உடம்பில் முடி மழித்து, தொடையில் தையலோடு, கண் திறந்தபடி மயங்கிக் கிடந்தாள். பூனைக்கு மயக்கத்திலும் கண் மூடாதாம். அது தெரியாமல் செத்துப்போய்விட்டாள் என்று நான் அலறிவிட்டேன். செல்வராசு என்னைவிட மோசம். சுவரோரம் போய் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அப்பா செத்ததற்கும் அழாதவன். அந்த அழுகையைப் பார்த்து என் தம்பி மேல் எனக்கு இருந்த பாசம் இரண்டு மடங்காகிவிட்டது. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கால் நேராகிவிட்டது. ஆனால் மறுநாளும் மைனா மூத்திரம் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வயிற்றைப் பிடித்துப் பார்த்து, மூத்திரப்பை நிறைந்து வெடிக்கிற நிலையில் இருப்பதாகச் சொன்னார். விரல்களால் மெதுவாக அழுத்தி வெளியேற்றினார். எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு இடுப்புக்குப் படம் எடுத்தார். இடுப்பெலும்பும் உடைந்திருந்தது. அங்கிருக்கிற நரம்பு நசுங்கியிருப்பதால்தான் மூத்திரம் போகவில்லையாம்.

டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார். "அம்மா, நெஜமா மாடியிலிருந்துதான் விழுந்துச்சா? இது நசுங்கின மாதிரி இருக்கு. வண்டி ஏதாவது ஏறிச்சா? தெரிஞ்சிருந்தா முதல் நாளே இடுப்பையும் சேர்த்துப் பார்த்திருப்பேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். தன்னுடைய கவனக்குறைவை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "என்ற தம்பி கண்ணால பார்த்தானுங்க. அவன் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. அவன் தலை மேல சத்தியமுங்க!" என்று சத்தம் போட்டேன். கோழிப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை ஓங்கி யாருடைய தலை மேல் சத்தியம் செய்தேனோ, அவன் பக்கத்திலேயே நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் முடித்ததும் கேட்டான், "ஏனுங்க டாக்டர், உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?"

நரம்பு சரியாகாவிட்டால் அந்தக் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு உலகமே சுற்றியது. அவனோ பெருமூச்சு விட்டு, "கால்தானுங்க? கால் போனாப் போகுது. உசுரு நின்னாப் போதுமுங்க" என்றான். இதல்லவோ பாசம் என்று அதையும் நினைத்துக்கொண்டேன்.

இடுப்பு தானாகக் கூடும், ஆனால் குதிக்க விடக்கூடாது, கூண்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். செல்வராசு பண்ணையிலிருந்து கறிக்கோழி ஏற்றுகிற பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து கழுவிக் கொடுத்தான். அடியில் என் வெட்டுத் துணிகளைப் போட்டேன். வேளாவேளைக்கு மூத்திரப்பையை அழுத்திவிட வேண்டும். கொஞ்சம் அதிகம் அழுத்தினால் பை கிழிந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். மைனா என்னைக் கடிப்பாள். "கடி சாமி, நல்லாக் கடி, கடிக்கறதுக்காவது தெம்பு இருக்குதே" என்பேன். மாத்திரையைத் தயிரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி வாயோரத்தில் விடுவேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு நாம் போடுகிற மாத்திரையை வலிக்கிறதே என்று பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதுவே விஷம் என்றார் டாக்டர்.

அந்த நாட்களில் லாரி என் வாசலைவிட்டு அசையவே இல்லை. பண்ணையிலிருந்து போன் மேல் போன். எல்லாவற்றுக்கும் "வண்டியில கொஞ்சம் வேலை இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவன்தான் கொடுத்தான். நான் எடுத்து நீட்டியதை வாங்கவே இல்லை.

ஒரு நாள் கூண்டில் போட்ட துணி தானாகவே நனைந்திருந்தது. மூத்திர நாற்றத்தைக் கண்டு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். "இனி உயிருக்குப் பயம் இல்லை. காலும் தப்பிச்சுது" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே செல்வராசு லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினான். பூனை பிழைத்ததற்குப் பூசணிக்காய் உடைக்கிறான் என் தம்பி என்று தெருவெல்லாம் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன்.

லோடு போக ஆரம்பித்தான். திரும்பி வந்ததும் உடைந்த முட்டைகளைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வருவான். ஆனால் லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே மைனா கூண்டின் மூலையில் போய் ஒடுங்குவாள். உடம்பு முடியெல்லாம் நட்டுக்கொள்ளும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். "ஏண்டி கழுதை, மாமன் முட்டை கொண்டாந்திருக்கறான், நீ பம்முற? அவன் இல்லாட்டி நீ எப்பவோ மண்ணுக்குள்ள போயிருப்ப" என்று திட்டிக்கொண்டே கூண்டைத் திறந்து, அவளை இழுத்து, அவன் மடியில் வைப்பேன். அவள் நகத்தைத் துணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்பாள். நான் ஒவ்வொரு நகமாகக் கழற்றிவிட்டு வைப்பேன். நன்றி கெட்டவள் என்று அவளைத்தான் சொன்னேன்.

கம்பி எடுக்க வேண்டிய நாள் நெருங்கும்போது தொடையில் கம்பி முட்டிக்கொண்டிருந்த இடம் சீழ் வைத்துவிட்டது. மைனா காய்ச்சலில் சுருண்டு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செல்வராசு கேரளாவில் இருந்தான். தம்பி பெண்டாட்டி கோமதிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை நங்கையா என்பாள். வீட்டுக்காரரின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஐயோ நங்கையா, உசுருக்கு ஒண்ணுமில்லையே?" என்று பதறினாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை.

"சீழ்தான் கோமதி. ஊசி போட்டா அடங்கிரும்னு டாக்டர் சொன்னாங்க."

"நெசமா நங்கையா? பரமத்திக்காரரு வண்டிய வெலைக்குக் கேட்டு வந்தப்பவே குடுத்துரலாம்னு சொன்னேன், இவரு கேக்கல. பூனை பொழைச்சுக்கிச்சு, இனி தோசம் இல்லைன்னாரு. இப்பப் போயி அது செத்துப்போச்சுன்னா, இத்தனை லோடு ஓட்டினதுக்கெல்லாம் என்னாகுமோ!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வண்டிக்கும் பூனைக்கும் என்ன கோமதி?" என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "வண்டி ஏறுனத உங்ககிட்டச் சொல்லிட்டேன்னாருங்களே? அன்னைக்கே அக்காகிட்டச் சொல்லி அழுதுட்டேன்னு சொன்னாருங்களே?"

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ரிக்கு ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் கத்திக் கேட்டேன். "ஏனுங்க, பூனை மேல ஏறுன வண்டிய என்ன பண்ணுவாங்க?"

"வித்துருவாங்க. பூனை உசுரை எடுத்த வண்டிய எவன் வெச்சிருப்பான்? அடுத்தது டிரைவரைத்தான் எடுக்கும்பாங்க. வெளிய தெரிஞ்சா வாங்கறவனும் வர மாட்டான், அதனால கமுக்கமா விப்பாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு உறைத்தது. "ஆரு சொன்னா உனக்கு?" என்றார்.

'என்ன ஆச்சு' என்று அவர் கேட்கவில்லை. 'ஆரு சொன்னா' என்று கேட்டார். அவருக்கும் தெரியும்.

"இங்க பாரு அம்மிணி, அவன் அன்னைக்கே போன் போட்டு அழுதான். ரிவர்ஸ் எடுக்கறப்ப டயருக்கடியில படுத்திருந்திருக்குது, அவனென்ன வேணும்னா பண்ணுனான்? உன்கிட்டச் சொன்னா நீ ஊரையே கூட்டிருவ. அப்புறம் அந்த வண்டிய எவன் வாங்குவான்? நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்."

வேண்டுமென்றா ஏற்றினான் என்று நான் எங்கே கேட்டேன்? தெரியாமல் ஏற்றியதை மன்னிக்க எனக்கு மனசு இல்லாமலா போகும்? கூடப் பிறந்தவனும் கட்டிக்கொண்டவரும் சேர்ந்து பேசி, என்னை மட்டும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாடி, பொத்தென்று விழுந்தது எல்லாம் ஜோடனை. அந்தப் பொய்யை நம்பி டாக்டர் ஒரு நாளை விட்டார். அந்த ஒரு நாளில் மைனாவின் வயிறு கல்லாகிப்போனது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற நான் அவன் தலையில் சத்தியம் செய்தேன்.

செல்வராசு வந்து இறங்கியதும் கிண்ணத்தோடு வாசலில் நின்றான். கோமதி சொல்லியிருப்பாள் போல. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... பொழைச்சுக்கிச்சில்லக்கா. அப்புறமென்ன?"

"அது செத்திருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பயாடா?"

கிண்ணத்தைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

"நான் நடக்குமான்னு கேட்டேன். நீ உசுரு உசுருன்னு கேட்ட. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாடா? அப்பனுக்கு அழாதவன் ஒரு பூனைக்கு அழுகறானேன்னு ஊரெல்லாம் சொன்னேன்டா. பூசணிக்காய் உடைச்சதக்கூட விடாமச் சொன்னேன்டா!"

"பூனைக்குந்தான்க்கா அழுதேன்" என்றான்.

இருக்கலாம். அந்த அழுகையில் மைனாவுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது? "வண்டிய எடு" என்றேன். "இப்பவே எடு. இனி இந்த வாசல்ல நிக்கக் கூடாது." எடுத்துக்கொண்டு போனான். கோமதி வந்து பேசிப் பார்த்தாள். வீட்டுக்காரர் தினமும் போனில், "போனது போகட்டும், பூனைதான் நல்லா இருக்குதே" என்கிறார். யாருக்கும் நான் எதை இழந்தேன் என்று புரியவில்லை.

சீழ் ஊசியில் அடங்கியது. கம்பி எடுக்கப் போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கம்பியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பார்க்கலைதானே? பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். பின்னல் ஊசியைவிட மெல்லிய கம்பி. தையல் மெஷின் டிராயரில் கிடக்கிறது.

மைனா நடக்கிறாள், ஓடுகிறாள். மாடிப்படி ஏறும்போது மட்டும் அந்தக் கால் கொஞ்சம் தள்ளிப் போகும். வெட்டுகிற துணி மேல் வந்து படுக்கிறாள். பழையபடி கத்துகிறாள்.

லாரியை இப்போது பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறான். ஆனாலும் மெயின் ரோட்டில் போகும்போது சத்தம் இங்கே கேட்கும். எத்தனையோ லாரி போகிற ரோடு அது. மற்ற எந்த வண்டிக்கும் அவள் காதைக்கூடத் திருப்ப மாட்டாள். அந்த ஒரு வண்டிக்கு மட்டும் துணியை விட்டு எழுந்து, முடி நட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வீட்டில் என்னிடம் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவன் வண்டி வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான்தான் ஒவ்வொரு நகமாகக் கழற்றி, அவளை அவன் மடியில் வைத்தேன்.